ஹாங்காங்கில் அப்பாவும் நானும்: ஈடு இறங்கும் நேரம்

நாள் 1: ஜோர்டான்

பாஸ்போர்ட்டில் சீல் குத்தவில்லை என்று அப்பாவுக்கு வருத்தம். ஹாங்காங்கில் சீல் குத்துவதை நிறுத்திப் பல வருடமாயிற்று, பஸ் டிக்கெட்டைவிடக் கொஞ்சம் பெரிதாக ஒரு துண்டுச் சீட்டைக் கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். "அறுபத்தெட்டு வயசுல மொத மொத வெளிநாடு வந்திருக்கேன், ஒரு சீலுக்கு என்ன கேடு" என்று ஊருக்குள் வரும் வரை புலம்பிக்கொண்டே வந்தார். (போகிறவர்களுக்கு ஒரு தகவல்: 14 நாள் வரை தங்க நமக்கு விசா வேண்டாம், ஆனால் கிளம்பும் முன்னே இணையத்தில் பதிவு செய்து அந்தத் தாளை அச்செடுத்து வைத்துக்கொள்ள வேண்டும். சென்னையிலேயே கேட்டுவிட்டார்கள்.)

இறங்கியது காலையில். ஏ21 பேருந்தின் மாடியில் முன்சீட்டைப் பிடித்து நேத்தன் ரோட்டுக்கு வந்து சேர்ந்தோம். ஹோட்டல் அறை எப்படி என்றால், ஒருவர் பெட்டியைத் திறந்தால் இன்னொருவர் கட்டிலில் ஏறி உட்கார்ந்துகொள்ள வேண்டும். குளித்துவிட்டு அஞ்சு நிமிஷம் என்று படுத்தவர்கள் எழுந்தபோது மணி மூன்றரை. வயிறு கூப்பாடு போட்டது.

நான் இந்த ஊருக்கு வந்ததே வாத்துக்காகத்தான் என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குளத்தில் மேயும் சின்ன வாத்து இல்லை. நம் பக்கம் தோட்டத்து வீடுகளில் காவலுக்கு வளர்ப்பார்களே, புது ஆள் வந்தால் கழுத்தை நீட்டிக்கொண்டு காலைக் கொத்த ஓடி வருமே, அந்த கூஸ் வாத்து. அதைச் சுடுவதில் கான்டனீஸ்காரர்களை அடிக்க ஆள் கிடையாது என்று ஆளாளுக்குச் சொல்லக் கேட்டு மூன்று வருடமாக நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு கிடந்தேன். அம்மாவுக்கு மூட்டு வலி, வர மாட்டேன் என்றுவிட்டார். அப்பா "எங்க வேணாலும் வாரேன், டீ கெடைக்கும்ல?" என்று மட்டும் கேட்டார்.

ஜோர்டான் என்ற இந்தப் பகுதியில் தெருவுக்கு ஒரு சுட்ட கறிக் கடை இருக்கிறது, சியூ மெய் கடை என்பார்கள். தெருவைப் பார்த்த கண்ணாடிக்குப் பின்னால் கொக்கிகளில் வாத்து, கோழி, பன்றி விலா, சிவப்பாக நீளநீளமாகச் சார் சியூ எல்லாம் தொங்கும், மஞ்சள் விளக்கில் எண்ணெய் பளபளக்கும், உள்ளே ஒருவர் வட்ட மரக்கட்டைமேல் கத்தியை இறக்கிக்கொண்டே இருப்பார். கறிக்கடையும் சாப்பாட்டுக் கடையும் ஒரே கூரைக்குக் கீழ். ஒன்றில் நுழைந்தோம். நாலு மணிக்கு எங்களைத் தவிர அங்கே ஈ காக்கை இல்லை, அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும்.

தட்டு வந்தது. சோற்றின்மேல் வாத்துத் துண்டுகள், ஓரத்தில் ரெண்டு கீரைத் தண்டு. தோல் ரப்பர் மாதிரி இழுத்தது. தோலுக்குக் கீழே இருக்கும் கொழுப்பு வெள்ளையாக உறைந்துபோய் அண்ணத்தில் மெழுகு ஒட்டியது போல ஒட்டிக்கொண்டது. மூன்று வருட ஏக்கத்துக்கு இதுவா என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது, அதுவும் ஆளுக்கு 58 டாலர், நம் காசுக்கு அறுநூறுக்கு மேல். அப்பா ஒரு எலும்பைத் தட்டின் ஓரத்தில் ஒதுக்கிவிட்டு, "மத்தியானம் தம் ஒடச்ச பிரியாணிய ராத்திரி பத்து மணிக்குத் தின்ன மாதிரி இருக்குத்தா" என்றார்.

காசு கொடுக்கப் போனேன். கட்டைக்குப் பின்னால் நின்றவர் எங்கள் மேசையில் மிச்சமிருந்த தட்டுகளை ஒரு பார்வை பார்த்தார், சுவரில் இருந்த கடிகாரத்தைக் காட்டினார், பதினொன்றைத் தொட்டு முள்ளைச் சுற்றுவது போல விரலை ஆறு வரை இறக்கினார். பிறகு ஐந்து விரல்களை விரித்துக் காட்டினார். முகத்தில் சிரிப்பும் இல்லை கோபமும் இல்லை.

"பதினொன்றரைக்கு ஒரு ஈடு, சாயங்காலம் அஞ்சுக்கு ஒரு ஈடு, நடுவுல வந்தா நாங்க என்ன பண்ணங்கிறாரு" என்று அப்பா மொழிபெயர்த்தார். கான்டனீஸில் ஒரு வார்த்தை தெரியாது மனிதருக்கு.

நாள் 2: பதினொன்றரை

அதே கடை. பதினொன்று இருபதுக்கே போய் நின்றுகொண்டோம், எங்களுக்கு முன்னால் பன்னிரண்டு பேர். அலுவலகத்துக்காரர்கள், பள்ளிச் சீருடையில் ஒரு பையன், சக்கரம் வைத்த பையை இழுத்துக்கொண்டு வந்த பாட்டிகள் மூன்று பேர். பாட்டிகள் உட்கார்ந்து சாப்பிட வரவில்லை, எடை போட்டு வெட்டி வாங்கிப்போக வந்தவர்கள். திடீரென்று வீட்டுக்கு ஆள் வந்துவிட்டால், இல்லை இன்றைக்கு ஏதோ நல்ல சேதி என்றால், சமைத்த கறியோடு கூட வைக்கக் கடையிலிருந்து சுட்ட கறி வெட்டி வாங்கிவருவது இவர்கள் வழக்கம், அதற்கு 'சாம் லியூ' என்றே ஒரு பேர் இருக்கிறது. நம் வீடுகளில் விருந்தாளி வந்ததும் பையனைச் சைக்கிளில் ஓடவிட்டு ஆம்லெட்டும் சுக்காவும் வாங்கிவரச் சொல்வோமே, அதேதான்.

மணி பதினொன்று இருபத்தெட்டு. பின்கட்டிலிருந்து ஒருவர் பன்றியின் வயிற்றுப்பகுதி முழுசையும் இரும்புக் கொக்கியில் மாட்டி இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு வந்தார். அது சத்தம் போட்டுக்கொண்டே வந்தது. தோலுக்குள் இன்னும் கொழுப்பு பொரிந்துகொண்டிருக்கிறது, காதைக் கிட்டே கொண்டுபோனால் மழைத் தூறல் தகரத்தில் விழுவது போலக் கேட்கும். இதுதான் சியூ யுக். தோலைப் பாருங்கள், முழுக்கப் பொடிப்பொடியாகக் குமிழ் விட்டு எள்ளை நெருக்கி ஒட்டியது போல இருக்கும், எள்ளுத்தோல் என்றேதான் அவர்களும் சொல்கிறார்கள். அந்தக் குமிழ் தானாக வருவதில்லை. கறியை லேசாக வெந்நீரில் வேகவைத்து, ஊசிகளைக் கொத்தாகக் கட்டிய ஒரு கருவியால் தோலை விடாமல் குத்தி, உப்பு தேய்த்து, ராத்திரி முழுக்கக் காயவிட்டு, பிறகுதான் அடுப்பு. தோல் காயாமல் அடுப்பில் ஏற்றினால் குமிழ் வராது, செருப்புத் தோல்தான் கிடைக்கும். நல்ல சூட்டில் மேல்தோல் கருகிவிடும், கருகலைக் கத்தியால் சுரண்டித் தள்ளுவார்கள், கீழே பொன் நிறம்.

வெட்டுகிறவர் அந்தப் பாளத்தைத் தோல் கீழே இருக்கும்படி கட்டையில் கவிழ்த்தார். ஒரு கையகல அகலக் கத்தி. ஓங்குவதே இல்லை, மணிக்கட்டை மட்டும் கீழே போடுகிறார், ஒரே வெட்டில் கறி, கொழுப்பு, தோல் மூன்றும் இறங்கி முறுக்கு உடைவது போல ஒரு 'கர்ரக்'. எல்லாத் துண்டும் ஒரே அளவு. கத்தியின் தட்டைப் பக்கத்தால் மொத்தத்தையும் அப்படியே அள்ளிச் சோற்றின்மேல் சாய்க்கிறார், ஒரு துண்டு இடம் மாறவில்லை. ஒரு தட்டுக்கு மொத்தமாக இருபது விநாடி ஆகியிருக்காது. அப்பா வரிசையை மறந்து கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றார். "நம்ம பரோட்டா மாஸ்டர் கொத்துறதப் பாக்குற மாதிரி இருக்கு, ஆனா இந்தாளு சத்தமே போட மாட்டேங்குறான்."

நாங்கள் வாங்கியது இரட்டைச் சோறு, ஒரு பக்கம் சியூ யுக், மறுபக்கம் சார் சியூ. சார் சியூவைப் பற்றி நான் கொஞ்சம் அதிகம் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பன்றியின் தோள்பட்டைக் கறியை நீளவாக்கில் கீறி, சோயா, சர்க்கரை, ஐந்து மசாலாத் தூள், புளித்த சோயாக் கூழ், ரோஜா வாசம் போட்ட ஒரு சாராயம் எல்லாவற்றிலும் ஊறவைத்துக் கொக்கியில் மாட்டிச் சுடுகிறார்கள். பாதியில் வெளியே எடுத்து மால்டோஸ் பாகில் முக்குவார்கள், நம் வெல்லப்பாகு முற்றிக் கம்பிப் பதம் தாண்டினால் எப்படி இழுக்கும், அந்தக் கெட்டி. திரும்ப அடுப்பு. பாகு வடிந்து ஓரங்களில் சேர்ந்து கருகும். அந்தக் கருகிய ஓரத்துக்காகத்தான் ஊரே அடித்துக்கொள்கிறது. தெரிந்தவர்கள் சும்மா சார் சியூ என்று கேட்பதில்லை, பாதிக் கொழுப்பு பாதிக் கறியாக, கருகலோடு கொடு என்று கேட்கிறார்கள். நான் ஃபோனில் எழுதிக் காட்டினேன். வெட்டுகிறவர் படித்துவிட்டு, தொங்கிக்கொண்டிருந்ததை விட்டுவிட்டு அடுத்த கொக்கியில் இருந்து ஒன்றை எடுத்தார்.

சரி, ருசி? நேற்றைய கடைதானா இது என்று இருந்தது. சியூ யுக்கைக் கடுகு விழுதில் தொட்டுக் கடித்தால் முதலில் தோல் நொறுங்கி, பிறகு கொழுப்பு கரைந்து, கடைசியில் கறி வருகிறது, அந்த வரிசை மாறுவதே இல்லை. சார் சியூவின் கருகல் ஓரம் பால்கோவா அடிப்பிடித்ததைச் சுரண்டித் தின்பதற்குக் கிட்டே. சோறுதான் எனக்குக் கொஞ்சம் குறையாகப் பட்டது, ஊற்றிய சோயாச் சாறு எல்லா இடத்துக்கும் எட்டவில்லை. அப்பா என் தட்டில் இருந்தும் ரெண்டு துண்டு எடுத்துக்கொண்டார், கேட்காமலே.

சாயங்காலம் ஹோட்டல் வரவேற்பில் இருந்த பெண்ணிடம் இதைச் சொல்லிக்கொண்டிருந்தேன். அவள் சிரித்துவிட்டு, அவள் அம்மா அவளைத் திட்டும் ஒரு வசனத்தைச் சொன்னாள்: உன்னைப் பெத்ததுக்கு ஒரு துண்டு சார் சியூவைப் பெத்திருக்கலாம். இந்த ஊரில் எல்லா அம்மாக்களும் சொல்வதுதானாம், சார் சியூவாக இருந்தால் தின்னவாவது ஆகும் என்பது உட்பொருள். நான் அப்பாவுக்கு மொழிபெயர்த்தேன். அவர் யோசிக்கவே இல்லை. "உங்கப்பத்தா என்னைய ரெண்டு தென்னம்பிள்ளைய வச்சிருந்தா எளநியாவது குடிச்சிருப்பேம்பா. இவுக கறியாவே கேட்டுட்டாக."

ராத்திரி ஷாம் ஷூய் போவில் டிம் ஹோ வான் போனோம். 2009-இல் மாங் காக்கில் ஒரு குட்டிக் கடையாக ஆரம்பித்து, விலை மலிவாக இருந்தும் மிஷலின் நட்சத்திரம் வாங்கிய கடை, இப்போது பல நாடுகளில் இருக்கிறது. அங்கே வேகவைத்த பன்னைவிட அடுப்பில் சுட்ட சார் சியூ பன்தான் பேர் போனது, மேலே மொறுமொறு சர்க்கரை ஓடு, உள்ளே சார் சியூக் குழம்பு. நன்றாகத்தான் இருந்தது. ஆனால் டிம்சம் என்கிற, டீயோடு தின்னும் இந்தச் சின்னச் சின்னப் பலகாரங்களை ராத்திரி சாப்பிடுவது எனக்கு என்னவோ போல இருந்தது, ராத்திரி ஒன்பது மணிக்குப் பொங்கல் வடை சாப்பிடுகிற மாதிரி.

நாள் 3: விடிகாலை நாலு

அந்தக் குறையைத் தீர்க்க அலாரம் மூன்று மணிக்கு வைத்தேன். கென்னடி டவுனில், ஸ்மித்ஃபீல்ட் தெருவில் சன் ஹிங் என்ற சின்னக் கடை விடிகாலை மூன்று மணிக்கே திறந்துவிடும். பக்கத்தில் பல்கலைக்கழகம், ராத்திரி முழுக்கப் படித்தவர்களும் படிக்காதவர்களும் அங்கேதான் வந்து விழுவார்கள் என்பது பிரசித்தம். அப்பாவை எழுப்பச் சங்கடமாக இருந்தது. அவரோ ஏற்கெனவே சட்டை மாட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்திருந்தார். நம் ஊர்க் கணக்கில் அப்போது ராத்திரி பன்னிரண்டரை, மதுரையில் பரோட்டாக் கல் சூடாக இருக்கும் நேரம், தூங்கா நகரத்துக்காரருக்கு இதெல்லாம் ஒரு விஷயமா.

டாக்சியில் போய் இறங்கினோம். தெரு முழுக்க இருட்டு, அந்த ஒரு கடையில் மட்டும் வெளிச்சமும் ஆவியும். உள்ளே மூங்கில் கூடைகள் ஆள் உயரத்துக்கு அடுக்கி ஆவி விட்டுக்கொண்டிருந்தன. யாரும் வந்து என்ன வேண்டும் என்று கேட்கவில்லை, நாமே போய்க் கூடை மூடியைத் தூக்கிப் பார்த்து வேண்டியதை எடுத்துவர வேண்டும். எனக்கு மூன்று முறை கையைச் சுட்டுக்கொண்டது. இடமும் அப்படித்தான், தெரியாதவர்கள் மேசையில் இடம் இருந்தால் உட்கார்ந்துவிடலாம். நாங்கள் உட்கார்ந்த மேசையில் குதிரைப் பந்தயப் பக்கத்தைப் பரப்பிக்கொண்டு ஒரு பெரியவர், அப்பா வயதுதான் இருக்கும். பக்கத்து மேசையில் முடியில் பச்சைச் சாயம் அடித்த மூன்று பையன்கள், ஒருவன் தூங்கிவிட்டான்.

பெரியவர் செய்வதைப் பார்த்தே நாங்களும் செய்தோம். டீக்குவளை வந்ததும் முதல் டீயைக் குடிப்பதில்லை, கிண்ணம், கோப்பை, குச்சி எல்லாவற்றையும் அந்தச் சூட்டில் அலசிக் கொட்டுகிறார்கள். டீ கறுப்பாக, மண் வாசனையோடு இருக்கும் போ லெய், பூவர் டீ என்று வெளியே விற்பதுதான். வெந்நீர் தீர்ந்தால் யாரையும் கூப்பிட வேண்டாம், மூடியைக் கொஞ்சம் சாய்த்து வைத்தால் வந்து ஊற்றிவிட்டுப் போவார்கள். மற்றவர் நமக்கு டீ ஊற்றினால் இரண்டு விரலை மடக்கி மேசையில் தட்ட வேண்டும், அதுதான் நன்றி. சீனத்துச் சியென்லுங் மன்னர் மாறுவேடத்தில் போனபோது கூட வந்தவருக்குத் தன் கையால் டீ ஊற்றினாராம், எழுந்து மண்டியிட்டால் குட்டு வெளிப்பட்டுவிடும், அதனால் விரலை மடக்கி மண்டி போட வைத்தார்கள் என்று ஒரு கதை. பெரியவர் அப்பாவுக்கு ஊற்றினார், அப்பா இரண்டு விரலால் தட்டினார், பெரியவர் பந்தயப் பக்கத்திலிருந்து கண்ணை எடுத்து அப்பாவை ஒரு கணம் பார்த்துவிட்டுத் திரும்பக் குதிரைகளிடம் போய்விட்டார்.

அவர்கள் இதற்குச் சாப்பிடப் போகிறேன் என்றே சொல்வதில்லை, யம் சா, டீ குடிக்கப் போகிறேன் என்பார்கள். பழைய கணக்கு ஒரு கோப்பை டீ, இரண்டு பலகாரம். நாங்கள் ஒன்பது கூடை எடுத்தோம், அது வேறு விஷயம்.

ஹார் காவ் எடுத்ததும் அப்பா உள்ளங்கையில் வைத்துத் திருப்பிப் பார்த்தார். "கொழுக்கட்டைத்தா இது." உண்மைதான், மாவைக் கொதிக்கும் நீர் விட்டுக் கிளறுவதுவரை ஒன்றேதான். நமக்கு அரிசி மாவு, இவர்களுக்குப் புரதத்தைக் கழுவி எடுத்துவிட்ட கோதுமை ஸ்டார்ச். அதனால்தான் வெந்ததும் கண்ணாடி போல ஆகி உள்ளே இறாலின் சிவப்பு தெரிகிறது. சொப்பு செய்யக் கட்டையால் தேய்ப்பதும் இல்லை, விரலால் அழுத்துவதும் இல்லை, முனை மழுங்கிய அகலக் கத்தியில் எண்ணெய் தடவி, உருண்டைமேல் வைத்து ஒரு சுழற்று அழுத்து, வட்டம் வந்துவிடும். அதைக் கையில் வாங்கி ஒரு பக்கம் மட்டும் மடிப்பு மடிப்பாகப் பிடிப்பார்கள். தோல் கிழியக் கூடாது, குச்சியில் ஒட்டக் கூடாது, ஒரு டிம்சம் சமையல்காரரை எடைபோட இது ஒன்று போதும் என்பார்கள். இங்கே கொஞ்சம் தடிமன்தான், விடிகாலை நாலு மணிக்கு நான் அதையெல்லாம் கேட்கத் தயாராக இல்லை. தாமரை இலையில் மடித்த ஒட்டரிசிச் சோறு வந்தது. பிரித்ததும் வந்த மணத்தில் அப்பா அமைதியாகிவிட்டார். சின்ன வயதில் கறிக்கடையில் தாமரை இலையில்தான் மடித்துக் கொடுப்பார்களாம். கோழிக்கால் என் கைக்கு வரும் முன்பே தீர்ந்துவிட்டது.

கடைசியாக லாவ் சா பாவ். உப்பில் ஊறிய வாத்து முட்டையின் மஞ்சள் கருவும் வெண்ணெயும் சர்க்கரையும் கலந்து உள்ளே வைத்த பன், சூட்டில் உள்ளே எல்லாம் உருகி நிற்கும். பிய்த்து ஆறவிட்டுச் சாப்பிடுங்கள் என்று நான் வாயைத் திறப்பதற்குள் அப்பா நேராகக் கடித்துவிட்டார். மஞ்சள் குழம்பு பீய்ச்சிக்கொண்டு போய் அவர் சட்டையில் பாதி, பெரியவரின் பந்தயப் பக்கத்தில் பாதி. நான் எழுந்து நின்றுவிட்டேன், என்ன சொல்வதென்றே தெரியவில்லை. பெரியவர் காகிதத்தை உதறிவிட்டு, குழம்பு விழுந்த இடத்தில் இருந்த குதிரையின் பெயரைப் பேனாவால் வட்டமிட்டுக்கொண்டார்.

வெளியே வந்தபோது விடிந்துகொண்டிருந்தது. கென்னடி டவுனில் இருந்து டிராமில் ஏறினோம். 1904 முதல் ஓடும் டிராம், மாடியில் ஜன்னலைத் திறந்து வைத்தால் கடைப் பலகைகளைக் கையால் தொட்டுவிடலாம் போல இருக்கும். ஷெங் வான் தாண்டும்போது காய்ந்த கடல் பொருள் வாசனை மூக்கில் ஏறியது, ஒரு நிமிஷம் ராமேஸ்வரம். கேஜ் தெருவில் லான் ஃபோங் யுன் திறக்கக் காத்திருந்து அப்பாவுக்குப் பால் டீ வாங்கிக் கொடுத்தேன். 1952-இல் இருந்து இருக்கும் கடை. துணி வடிகட்டியில் டீயைத் திரும்பத் திரும்ப ஊற்றி இறக்கி, கெட்டிப்பால் விடுகிறார்கள். துணியின் நிறத்தைப் பார்த்ததுமே அப்பாவுக்கு முகம் மலர்ந்துவிட்டது. மூன்று நாளில் முதல் முறையாக, "இது டீ" என்றார்.

நாள் 4: வான் சாய்

என் கல்லூரித் தோழி காயல்பட்டினம். அவளுடைய காக்கா, அதாவது அண்ணன், இங்கே வருடக்கணக்காகக் கல் வியாபாரத்தில் இருக்கிறார். ஹாங்காங்கில் காயல்காரர்கள் நிறைய, பெரும்பாலும் ரத்தினக் கல் தொழில். தோழி கூப்பிடுவதைக் கேட்டுக் கேட்டு எனக்கும் அவர் காக்காதான். வெள்ளிக்கிழமை வந்தால் தொழுகை முடிந்து கூட்டம் நெரியும் என்று வியாழனுக்கே வரச் சொல்லியிருந்தார்.

அவர் கூட்டிப்போனது ஓய் குவான் ரோட்டில் இருக்கும் அம்மார் பள்ளிவாசலுக்கு. பல மாடிக் கட்டடம், ஐந்தாவது மாடியில் கேன்டீன், அங்கே ஹலால் டிம்சம். யோசித்துப் பாருங்கள், இந்த ஊரில் சியூ மாய் என்ற டிம்சத்தில் பன்றி, பன்னில் பன்றி, முள்ளங்கிக் கேக்கில்கூடப் பன்றித் தொத்திறைச்சி, மாவில் பன்றிக்கொழுப்பு. பன்றி தின்னாதவர் தெருவில் போனால் வாசனையை மட்டும் பிடித்துக்கொண்டு போக வேண்டியதுதான். "வந்த புதுசுல ரெண்டு வருஷம் கண்ணாடிக்கு வெளிய நின்னு பாத்துட்டே போவேன் மாமா" என்று காக்கா அப்பாவிடம் சொன்னார். "அப்புறம் ஒருத்தர் இங்க கொண்டாந்து விட்டாரு. அன்னிக்கு ஒத்தையா எட்டுக் கூடை."

பெரிய கூடம், டியூப்லைட், மேல்விரிப்பு போட்ட வட்ட மேசைகள், அலங்காரம் என்று ஒன்றும் கிடையாது, கல்யாண மண்டபத்துப் பந்தி மாதிரி. சீன முஸ்லிம் குடும்பங்கள், இந்தோனேசியப் பெண்கள், பாகிஸ்தானி டாக்சி ஓட்டுநர்கள், கழுத்தில் அடையாள அட்டை தொங்கும் ஆபீஸ்காரர்கள் என்று எல்லாரும். டிம்சம் மதியத்தோடு சரி, சாயங்காலம் கிடைக்காது. இங்கேயும் கடிகாரம்தான். பன்றியில்லாத சியூ மாய் சன் ஹிங்கில் தின்றதைவிடக் கொஞ்சம் இறுக்கம், ஒளிக்காமல் சொல்கிறேன், பன்றிக்கொழுப்பு தருகிற வழுக்கல் வேறு எதிலும் வராது. ஆனால் ஹார் காவின் தோல் இங்கே ஒரு படி மேல், இட்லித்துணி மாதிரி துணியில் மாவை ஊற்றி ஆவியில் வைத்துச் சுருட்டுகிற சியுங் ஃபன்னும் நாக்கில் நிற்காமல் இறங்கியது. மலாய் கேக் என்று பழுப்புச் சர்க்கரையில் ஆவியில் வேகவைத்த பஞ்சு மாதிரி ஒன்று வந்தது, அதைக் காக்கா அவர் குழந்தைகளுக்கு என்று தனியாகப் பொட்டலம் கட்டிக்கொண்டார்.

அங்கிருந்து நடக்கிற தூரம்தான் பௌரிங்டன் ரோடு சந்தை. கீழே மீன், மேல்மாடியில் சமைத்த சாப்பாட்டுக் கடைகள், அதில் வாய் கீ என்ற கடையில் ஹலால் முறையில் சுட்ட வாத்து. கூஸ் இல்லை, சாதா வாத்துதான். நாங்கள் போனபோது மணி ஒன்றேகால், கொக்கியில் இரண்டே இரண்டு மிச்சம், எங்களுக்குப் பின்னால் ஏழெட்டுப் பேர். வயிற்றில் இடமே இல்லை, இருந்தாலும் ஒரு தட்டு வாங்கி மூன்று பேரும் பிரித்துக்கொண்டோம். தோல் இன்னும் உயிரோடு இருந்தது. மட்டன் குழம்பும் விற்கிறார்கள், அப்பா அதையும் ஒரு வாய் பார்த்துவிட்டுக் காக்காவிடம் மெதுவாக, "காரம் பத்தாது" என்றார். காசு கொடுக்க என்னை விடவில்லை காக்கா. உங்கள் தங்கச்சி ஊரில் எனக்கு எத்தனை நாள் சோறு போட்டிருப்பாள் என்று நான் சொல்லிப் பார்த்தேன், அதற்கும் சேர்த்து ரெண்டு திட்டு வாங்கினேன்.

நாள் 5: ஷாம் செங்

கடைசி நாளுக்கு வாத்தை ஒதுக்கி வைத்திருந்தேன். நகரத்துக்குள்ளேயே பேர் பெற்ற கடைகள் இருக்கின்றன, செண்ட்ரலில் யுங் கீ 1942 முதல் இருக்கிறது. ஆனால் சுட்ட கூஸ் வாத்துக்கு என்றே பேர் வாங்கிய ஊர் ஷாம் செங், கடலோரத்தில், மெட்ரோ எட்டாத தூரத்தில். சுன் வான் வரை மெட்ரோவில் போய் அங்கிருந்து பச்சை மினி பஸ். மினி பஸ்ஸில் ஓட்டுநர் தலைக்கு மேலே வேகம் எண்ணில் ஓடும், எல்லாரும் பார்க்கலாம். அப்பா கடலைப் பார்க்கவில்லை, சிங் மா பாலத்தைப் பார்க்கவில்லை, இரண்டு கோபுரங்களுக்கு நடுவே மட்டும் 1,377 மீட்டர் நீளும் தொங்கு பாலம் என்று நான் காட்டியபோதுகூட, "எழுவத்தெட்டு, எழுவத்தொம்போது" என்று எண்ணிக்கொண்டே வந்தார்.

யூ கீ என்ற கடை, 1958 முதல். பதினொன்று பத்துக்கே உட்கார்ந்துவிட்டோம். கேட்டதற்கு, இன்னும் பதினைந்து நிமிஷம் என்று கைச் சைகை. இந்த முறை அந்தச் சைகை எங்களுக்குச் சந்தோஷமாக இருந்தது.

அரை வாத்து சொன்னோம். அதிலும் இரண்டு வகை இருக்கிறது: மேல்பாதி என்றால் நெஞ்சும் இறக்கையும், கீழ்ப்பாதி என்றால் தொடை, கீழ்ப்பாதிக்கு விலை கூட. இடது தொடைதான் மெத்தென்று இருக்கும், வாத்து வலது காலில் நிற்கிற பிராணி என்று ஒரு நம்பிக்கையும் உண்டு, தோட்டத்து வீட்டு வாத்துகள் இரண்டு காலிலும் சம உரிமையோடு துரத்தியதாகத்தான் எனக்கு ஞாபகம்.

சுடுவதற்கு முன்னால் நடக்கிற வேலைதான் அதிகம். தோலுக்கும் கறிக்கும் நடுவில் காற்றை ஊதி இரண்டையும் பிரிக்கிறார்கள், அப்போதுதான் கொழுப்பு உருகி வெளியே போகும், தோல் தனியாக மொறுமொறுக்கும். வயிற்றுக்குள் அன்னாசிப்பூ, ஐந்து மசாலா, உப்பு, சர்க்கரை, சோயா விழுது எல்லாம் போட்டு நீள ஊசியால் தைத்துவிடுவார்கள். மேலே கொதிநீர் ஊற்றித் தோலை இறுக்கி, மால்டோஸும் வினிகரும் கலந்த தண்ணீர் பூசி, மணிக்கணக்காகத் தொங்கவிட்டுக் காயவைத்து, பிறகு கரி அடுப்பு. உள்ளே இருக்கும் மசாலா கறியின் சாற்றோடு சேர்ந்து வயிற்றுக்குள்ளேயே குழம்பாகிவிடும், வெட்டும்போது அந்தக் குழம்பைத்தான் முதலில் ஒரு கிண்ணத்தில் வடிக்கிறார்கள்.

பதினொன்று இருபத்தாறுக்குத் தட்டு வந்தது. கருஞ்சிவப்பு, மேலே ஒரு மெல்லிய கண்ணாடிப் பூச்சு, கீழே அந்தச் சாறு கொழுப்போடு மினுங்கிக்கொண்டு. தொடைத் துண்டை எடுத்தேன். தோல் உடைந்த சத்தம் எனக்கு மண்டைக்குள் கேட்டது. அதற்கடுத்து உருகின கொழுப்பு, அதற்குள் ஒரு கசப்பில்லாத புகை, பிறகு ஆட்டுக்கறிக்கும் கோழிக்கும் நடுவில் எங்கேயோ நிற்கிற ஒரு கறி, எலும்புக்கிட்டே போகப் போக அன்னாசிப்பூ வாசம் ஏறுகிறது. முதல் நாள் அண்ணத்தில் மெழுகாக ஒட்டியதும் இதே கொழுப்புதான், நம்ப முடியவில்லை. தொட்டுக்கொள்ள பிளம் சாஸ் வைத்திருந்தார்கள், புளிப்பும் இனிப்பும், இலந்தவடையைக் கரைத்த மாதிரி. அப்பா அதைத் தள்ளி வைத்துவிட்டார். "கறிக்கு எதுக்குத்தா சர்க்கர." கிண்ணத்தில் இருந்த சாற்றை மட்டும் சோற்றில் ஊற்றி, குச்சியையும் கரண்டியையும் ஓரமாக வைத்து, கையால் பிசைந்தார். பரிமாறுகிற அம்மா நின்று பார்த்துவிட்டு உள்ளே போய் இன்னொரு கிண்ணம் சாறு கொண்டுவந்து வைத்தார். அப்பா வலது கை எச்சிலாக இருந்ததால் இடது கை இரண்டு விரலால் மேசையைத் தட்டினார்.

அரை வாத்து எலும்பாக மாற இருபது நிமிஷம் ஆகியிருக்கும். பில் கேட்கலாமா என்று நான் கையைத் தூக்கப் போனேன்.

"பிளேன் ராத்திரிதானே?" என்றார் அப்பா.

"ஆமாப்பா."

"அடுத்த ஈடு எத்தன மணிக்குன்னு கேளு."